எந்திரி பாப்போம்

கபடி வர்ணனையாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றே சற்குணம் தன் குரலை டிவி சேனலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போடும்போது பெருமையாகத்தான் இருந்தது. அவர் தூத்துக்குடியில் வீட்டோடு கிடக்க, குரல் மட்டும் கம்ப்யூட்டர் வழியாக ஊர் ஊராகக் கபடி வர்ணனை செய்துகொண்டிருந்தது.

ஒருநாள் டிவியில் ஓடிய ஆட்டத்தில் மகன் ரூபன் ரெய்டு போனான். நான்கு பேர் சேர்ந்து அவனை அமுக்கினார்கள்.

"பிடின்னா இதுல்லா பிடி! எந்திரி பாப்போம் தம்பி, எந்திரி!" என்று டிவியில் சற்குணத்தின் குரல் சிரித்தது.

ரூபன் எழவில்லை. முழங்கால் திரும்பிக் கிடந்தது. இப்படி யாராவது விழுந்து கிடந்தால் சற்குணம் மைக்கைப் பொத்திக்கொள்வார். அந்த மௌனத்தையும் சேர்த்து எழுதிக் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

"எந்திரி தம்பி!" என்று அது மறுபடியும் சிரித்தது.

"அத அமத்துங்களேன்!" என்று மனைவி எஸ்தர் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து ரூபன் கூப்பிட்டான். சற்குணம் பாய்ந்து போனை எடுத்தார்.

"எய்யா, அப்பா பேசுதேன்..."

ரூபன் இடைமறித்தான்.

"பேசாதீங்கப்பா. கிரவுண்டு பூரா ஸ்பீக்கர்ல ஒங்க சத்தந்தான் கேட்டுச்சு. எதுன்னாலும் எழுதி அனுப்புங்க."