விட வேண்டிய ஊர்

"போதுங்க, இன்னொரு ஊரையும் புடிச்சீங்கன்னா இருக்கற ஜனத்துக்கே சோறு பத்தாது" என்றாள் கமலம்.

தங்கதுரை காதில் வாங்கவில்லை. எதிரியின் கோட்டை வாசலில் அவருடைய யானைப்படை நின்றுகொண்டிருந்தது. வலது கை மவுஸில், இடது கையில் ஆறிப்போன டீ.

பியூஸ் கட்டை செய்கிற அவர்களுடைய பீங்கான் கம்பெனியில் சூளை அணைந்து ஆறு மாதம். ஆபீஸ் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்துவிட்டது, கூடவே சிடி போட்டு ஆடுகிற இந்தப் பேரரசு விளையாட்டும். வெளியூர் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமைதான் வருவார் மனுஷன். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். பெண்டாட்டி என்று ஒருத்தி இருக்கிறாளே, அவளிடம் ஒரு பேச்சு? ம்ஹூம். அவரோடு நாலு வார்த்தை பேசலாமே என்றுதான், பாவம், கமலமும் அந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டாள்.

"ஏங்க, தலைநகரத்துல இருந்த அரமனை எங்க? காணுமே?"

"ஆத்தங்கரை ஊருக்கு மாத்திட்டேன், இப்ப அதான் தலைநகரம். பழைய ஊருல இனிமே என்னா இருக்குது?"

திடீரென்று திரை சிவந்தது. ஒரு ஊரில் பஞ்சம், இன்னொன்றில் கலகம். படைக்குப் போட நெல் இல்லை.

"சனியன்! எல்லாத்தையும் கட்டி ஆள முடியாது போலருக்குது. ஒண்ண வுட்டாத்தான் மிச்சம் நிக்கும்."

கமலம் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். ரெண்டு வருஷமாகத் தொண்டையில் நின்றது அன்றைக்கு வெளியே வந்துவிட்டது.

"அதையேதாங்க நானும் சொல்றேன். ரெண்டு வூடு வச்சு ஆள உங்களால ஆவாது. பெண்ணாடத்துக்காரிய வுட்டுடுங்க. ஊரே சிரிக்குது. நான் பழசு எதையும் பேச மாட்டேன். கஞ்சியோ கூழோ, இங்கயே இருங்க."

தங்கதுரை மவுஸை விட்டார். திரையில் ஊர் எரிந்துகொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை.

"நீ சொல்றது சரிதான். ரெண்ட வச்சு ஆள முடியாது. ஒண்ண வுட்டுடறேன்."

"கொளஞ்சியப்பர் மேல சத்தியமா?"

"சத்தியமா."

கமலத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "மொதல்ல அந்தச் சட்டையக் கழட்டுங்க. சூடா தோசை ஊத்தறேன்" என்று அடுப்படிக்கு ஓடினாள்.

தட்டோடு திரும்பியபோது தங்கதுரை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கையில் பெட்டி. பீரோவில் இருந்த அவருடைய துணி மொத்தமும் அதற்குள் போயிருந்தது.

"எங்கங்க கிளம்பிட்டீங்க? பெண்ணாடத்த வுட்டுடறேன்னு இப்பத்தான சத்தியம் பண்ணீங்க?"

அவர் நிமிரவே இல்லை.

"தலைநகரத்த யாராவது வுடுவாங்களா, கமலம்?"