பீம்ராவின் பாஸ்வேர்டு

எண்ணூர் கன்டெய்னர் யார்டில் எடைமேடை முடங்கி, லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஓய்வுபெற்ற பீம்ராவின் லாகினை முந்தைய நாள்தான் அட்மின் வசீம் நீக்கியிருந்தான்.

"இன்னாக்கா, எல்லாரும் அவரு பாஸ்வேர்டுலயா ஓட்டிக்கினு இருந்தீங்க?"

"சுளுவா கீதேன்னுதான் நைனா," என்றாள் எடைமேடை செங்கொடி.

"நீக்கறதுக்கு முன்னாடி, யாரு யூஸ் பண்றாங்கன்னு இந்த சாஃப்ட்வேர் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று வசீம் அலுத்துக்கொண்டான்.

மேனேஜர் வந்தார். "அந்த லாகினைத் தொட்ட அத்தனை பேரும் சஸ்பெண்ட்."

வசீம் குறுக்கிட்டான்.

"சார், அதை நீக்கச் சொல்லி நேத்து எனக்கு மெயில் வந்துச்சே..."

"நான்தான் அனுப்பினேன். அதுக்கென்ன?"

"பீம்ராவ் லாகின்லேர்ந்து வந்துச்சு சார்."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"திருப்பிப் போட்டுடுப்பா. என் பாஸ்வேர்டு எனக்கே ஞாபகமில்ல."