இரண்டாவது பெட்டி

சிந்துஜாவின் பிள்ளைகள் இந்த வாரமும் வளரவில்லை. முகக்கவசத்தை இறக்கி மூக்கைச் சிந்தினாள்.

"என்ன டாக்டரம்மா, பிள்ளைங்களுக்கு முடியலையா?" என்றாள் இராஜம்மா. மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங் கையுறைத் தொழிற்சாலையில், கால் நரம்பு சுருளும்வரை நின்று அச்சிலிருந்து கையுறை உருவியவள். போன மாதம்தான் இந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். தரை துடைப்பது, குப்பை அள்ளுவது, ஈரம் காயாமலிருக்கச் சூட்டுப் பெட்டிகளின் அடித்தட்டில் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை.

"ரெண்டு பெட்டியிலயும் வளரல, ஆன்டி. செத்துக்கிட்டு வருது."

"வாயக் கழுவுங்கம்மா!"

பெட்டிக்குள் இருப்பது என்னவென்று இராஜம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. சிந்துஜா பிள்ளைகள் என்றாள். இவளும் அப்படியே வைத்துக்கொண்டாள்.

இருந்தவை சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல்கள். மூக்கில் வாசனை பிடிக்கும் ஏற்பி அவற்றிலும் உண்டு, சந்தன வாசனை பட்டால் வளர்ச்சி நின்றுவிடும் என்பது சிந்துஜாவின் மூன்று வருட ஆராய்ச்சி. முதல் பெட்டிக்குச் சந்தன வாசனை, இரண்டாவதற்கு எதுவுமில்லை. இரண்டாவது கொழுத்து வளர்ந்தால்தான் அவள் சொன்னது நிற்கும்.

போன மாதம்வரை கொழுத்துத்தான் வளர்ந்தது. இப்போது அதுவும் சுருண்டு கிடந்தது. திறந்து மோந்துகூடப் பார்த்தாள். சந்தனத்திலேயே கிடந்து மரத்துப்போன மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

பேராசிரியர் ராதாகிருஷ்ணன் வந்து இரண்டு பெட்டிகளையும் எட்டிப் பார்த்தார்.

"சந்தனம் படாததும் சாவுது. அப்புறம் சந்தனம்தான் கொன்னுச்சுன்னு எப்படிச் சொல்றது? நாளைக்கு மீட்டிங்ல உன் புராஜெக்ட்ட மூடிருவாங்க லா."

"நான் ஒண்ணும் மாத்தல, சார். அதே சூடு, அதே தட்டு, அதே தண்ணி."

தண்ணீர் என்றதும் அவர் கண் இராஜம்மா பக்கம் திரும்பியது.

"நீங்கதானே ஊத்துறது? வெறும் தண்ணிதானே?"

முப்பது வருடம் அடுத்தவன் வேலைக்குக் கை தேய்ந்தவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

"வெறும் தண்ணியா? வளர்ற பிள்ளைங்களாச்சேன்னு, வாராவாரம் அம்மனுக்குச் சாத்துன சந்தனத்தக் கரைச்சில்ல ரெண்டுலயும் ஊத்துறேன்!"