எலி கடிக்காத பெட்டி

"வெளிநாடு போற பெட்டிய எலி கடிக்குமான்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்" என்று இளக்காரமாகச் சிரித்தார் சூட்கேஸ் கடை சங்கரலிங்கம்.

பரளச்சி கிராமத்திலிருந்து வந்திருந்த மூக்கம்மாள் பெட்டியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மகன் துபாய்க்குப் போகிறானாம்.

"சக்கரத்தப் பாருங்க, பூட்டப் பாருங்க. ஏரோப்பிளேன்ல எங்கிட்டு எலி?" கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொண்டார்.

"போன வருசம் இங்கன வாங்குனதும் நல்ல சக்கரந்தான் அண்ணாச்சி. பரண்லயே கெடந்து, எலி ஓட்ட போட்டுருச்சு. விசா இந்தா வருது, அந்தா வருதுன்னு ஏஜெண்டு சொல்லிக்கிட்டே இருக்காக. இப்பப் புதுப்பெட்டி வாங்கச் சொல்றாக."

"எவன் அவன்? செருப்பாலயே அடிக்கணும்."

"அடிங்க. உங்க மச்சினருதான். ரெண்டு தடவையும் உங்க கடையிலதான் வாங்கணும்னு சொல்லிவிட்டதும் அவுகதான்."