பத்துக்குப் பத்து

"கதவைத் தட்டிட்டு உள்ள வா. இப்ப இது சாப்பாட்டு ரூம் இல்ல, மதிப்பீட்டுக் கூட்டம்."

கையில் ஈரக் கம்பளிச் சட்டையோடு வந்த மனைவி, திறந்திருந்த கதவைத் தட்டினாள்.

"வரலாமா சார்?"

"வா. உட்காரு."

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் டை கட்டி, மேசை மேல் கோப்பு, சிவப்புப் பேனா சகிதம் உட்கார்ந்திருந்தார் உதவி மேலாளர். ஃப்ரிட்ஜ் கம்பெனியில் பதினெட்டு வருடமாக அவர் உதவி மேலாளர். இப்போது கிளை மேலாளர் நாற்காலி ஒன்று காலி. போட்டியில் நான்கு பேர். நாளைக்கு முடிவு. எந்தக் கிளை என்றுகூட அவர் விசாரிக்கவில்லை. நாற்காலி கிடைத்தால் போதும், அதை எங்கே போட்டால் என்ன?

அதற்காகத்தான் போன வாரம் கம்பெனி அனுப்பிய மூன்று நாள் ஆளுமை வளர்ச்சி முகாமுக்குப் போய் வந்தார். 'மனிதனை உருவாக்குவது குடும்பம்' என்று அங்கே சொன்னதை, 'குடும்பத்தை உருவாக்குவது நான்' என்று குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பியிருந்தார்.

"உனக்குப் பத்துக்கு ஆறு. பொறுமை பரவாயில்ல. தொலைநோக்குப் பார்வைதான் பத்தாது. கொளுத்தற வெயில்ல யாராவது ஸ்வெட்டர் துவைப்பாங்களா?"

"பூச்சி அரிச்சிடுமேன்னு பார்த்தேங்க."

"பார்த்தியா, இதைத்தான் சொல்றேன். அடுத்து!"

மனைவி சிரித்தபடி எழுந்து போனாள். ஆறு மதிப்பெண் வாங்கிய முகமாக அது இல்லை.

அடுத்து கல்லூரியில் படிக்கும் மகள், அளவு நாடாவைச் சுருட்டியபடி வந்தாள்.

"என் ஆபீஸ் ரூம்ல என்ன அளந்துக்கிட்டிருந்த?"

"சும்மா... கணக்குக்குப்பா."

"அஞ்சு மார்க். கவனம் சிதறுது. அதோ, அதைப் பார்."

ஃப்ரிட்ஜ் கதவில் காந்த வில்லைகளால் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. தலைப்பு: குடும்ப அமைப்பு. உச்சியில் ஒரு பெரிய கட்டத்தில் 'நான்'. அங்கிருந்து மூன்று அம்புகள் கீழே மூன்று சின்னக் கட்டங்களுக்குப் பாய்ந்தன.

"அப்பா, உங்ககிட்டருந்து எங்களுக்கு மூணு அம்பு வருது. எங்ககிட்டருந்து உங்களுக்கு ஒண்ணுகூட வரலையே?"

"செல்வாக்குங்கறது தண்ணி மாதிரிம்மா. மேல இருந்து கீழதான் பாயும்."

"நம்ம வீட்டுல மோட்டார் போட்டா மேல ஏறுதே?"

"நாலு மார்க்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். கடைசியாக, அதே வீட்டில் குடியிருக்கும் தம்பி. சைக்கிள் கடை வைத்திருக்கிறான். கிரீஸ் கையோடு, வீட்டிலேயே பெரிய சூட்கேஸைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான்.

"கூட்டத்துக்கு எதுக்குடா சூட்கேஸ்?"

"சக்கரம் உடைஞ்சு கிடந்ததுண்ணா. சைக்கிள் பேரிங் போட்டிருக்கேன். பாருங்க, ஒரு விரலால தள்ளினா எங்க வேணா போகும்."

"நாம எங்கடா போகப் போறோம்? உனக்கு இலக்கே கிடையாது. மூணு மார்க்."

"சரிண்ணா. ரொம்ப நன்றிண்ணா."

மூன்று மார்க்குக்கு நன்றி சொல்கிற தம்பியை அவர் இப்போதுதான் பார்க்கிறார். ஒரு வாரம் முன்புவரை வாய்க்கு வாய் பேசிய வீடு இது. இப்போது ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. எல்லார் முகத்திலும் பள்ளிக்கு லீவு விட்ட களை. முகாம் என்றால் இதுவல்லவா முகாம்!

மறுநாள் காலை பொது மேலாளரின் அறையில் அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"வாழ்த்துகள் சார். கிளை மேலாளர் நீங்கதான்."

பதினெட்டு வருட மூச்சு ஒன்று அவரிடமிருந்து வெளியே வந்தது.

"எல்லாம் என் உழைப்பைப் பார்த்துதானே மேடம்?"

"இல்ல சார். உழைப்புல நீங்க நாலு பேர்ல நாலாவது. உங்களை மேல தூக்கிவிட்டது உங்க குடும்பம்."

"என் குடும்பமா?"

"நீங்க முகாம்ல இருந்தப்ப, நாலு பேர் வீட்டுக்கும் ரகசியமா ஒரு படிவம் அனுப்பினோம். உங்க வீட்டுல பொறுமை, பணிவு, அடுத்தவங்க பேச்சைக் கேக்கறது, எல்லாத்துக்கும் பத்துக்குப் பத்து!"

அவர் மனசுக்குள் கணக்குப் பார்த்தார். ஆறு, நாலு, மூன்று. எவ்வளவு கஞ்சத்தனமாகப் போட்டுவிட்டோம்! இன்றைக்கே போய் ஆளுக்கு இரண்டு மார்க் கூட்டிவிட வேண்டும்.

"அதெல்லாம்கூடப் பெருசில்ல," என்றார் பொது மேலாளர். "கடைசிக் கேள்விதான் முக்கியம். இது மலை உச்சிக் கிளை. வருஷம் பூராவும் குளிர். அங்க ஃப்ரிட்ஜ் விக்கணும்னா வைராக்கியமான ஆள் வேணும். குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக வசதி கிடையாது. இதையெல்லாம் படிவத்துல சொல்லி, 'ரெண்டு வருஷம் இவரைப் பிரிஞ்சு இருக்கச் சம்மதமா?'ன்னு கேட்டிருந்தோம். மத்த மூணு வீட்லயும் முடியவே முடியாதுன்னு எழுதிட்டாங்க. உங்க வீட்டுல மட்டும்தான்..."

படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அடியில் மூன்று கையெழுத்துகள். ஒன்றில் கிரீஸ் கறை. அவற்றுக்கு மேலே, மனைவியின் முத்து முத்தான எழுத்தில் ஒரு வரி:

"முழுச் சம்மதம். ரெண்டு வருஷம் போதுமா?"