பச்சைப் பால்

"ஊரே வந்திருக்கு, பக்கத்துத் தோட்டத்து எமெட்டை மட்டும் காணோமே?"

யாரோ கேட்டது டெல்மரின் காதில் சுருக்கென்று தைத்தது.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இருந்த அவருடைய பால் பண்ணையில் அன்றைக்குத் திருவிழாக் கூட்டம். அவருக்கு ஆதரவாகத் திரண்டவர்களின் வண்டிகளிலெல்லாம் கொடி பறந்தது. போன வாரம் மாநில அதிகாரிகள் வந்து, பாலில் கிருமி இருக்கிறது என்று சொல்லி, தொட்டியில் இருந்ததையெல்லாம் அவர் கண்ணெதிரே தரையில் திறந்துவிட்டு, விற்கக்கூடாதென்று சீலும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தாத்தா காலத்திலிருந்து காய்ச்சாத பால் விற்கிற குடும்பம். அவருடைய அப்பாவாக இருந்திருந்தால் துப்பாக்கியை எடுத்திருப்பார். டெல்மர் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதார்.

ரேடியோவில் காலை நிகழ்ச்சி நடத்தும் ட்ராய், டிரெய்லர் மேல் ஏறி மைக்கைப் பிடித்தான்.

"மாட்டைக் கறக்கறவன் குத்தவாளியாம்! பாதாமைப் பிழிஞ்சு அதையும் பால்னு குடிக்கறானே ஹாலிவுட்காரன், அவன் புத்திசாலியாம்! என் குழந்தை என்ன குடிக்கணும்னு நான் சொல்றேன். ஏ.சி. ரூம்ல உக்காந்திருக்கறவன் யாருய்யா சொல்ல?"

கைதட்டல் அடங்க நேரமானது. காலையில் கறந்த பாலை ஆளுக்கொரு கோப்பை வாங்கி, டி.வி. கேமராவுக்கு முன்னால் மடமடவென்று குடித்தார்கள்.

ட்ராய் இறங்கி வந்து டெல்மரின் தோளில் கை போட்டான்.

"எவனோ போட்டுக் குடுத்திருக்கான்யா. உங்கிட்ட பால் வாங்கறதைத் திடீர்னு யாராவது நிறுத்தினாங்களா?"

டெல்மர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"எமெட்தான். போன மாசத்துலேர்ந்து வாங்கறதில்ல."

"அவன் கார் தினம் மாநிலத் தலைநகருக்குப் போகுதே! டிராக்டர் ரிப்பேர் பண்றவனுக்கு அங்க என்ன ஜோலி?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவ்வளவுதான்.

மறுநாள் தீவனக் கடையில் எமெட் தட்டுப்பட்டார். சவரம் செய்யாத முகம், தூங்காத கண். டெல்மரைப் பார்த்ததும் அருகே வந்தார்.

"டெல்மர், அந்தக் கறவை மெஷின் குழாயெல்லாம் மாத்திட்டியா?"

"இதையும் அவங்கதான் கேட்டுட்டு வரச் சொன்னாங்களா?"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு டெல்மருக்குத் தலைக்கேறிவிட்டது.

"எவ்வளவுடா குடுத்தாங்க? என் மாட்டுப் பாலைக் குடிச்சு வளர்ந்த உடம்புடா அது! வெக்கமா இல்ல உனக்கு?"

எமெட் எடுத்த மூட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அதன்பிறகு எமெட்டின் பட்டறைக்கு ஒரு டிராக்டர்கூட வரவில்லை. சர்ச்சில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அவர் வீட்டுத் தபால் பெட்டியில் யாரோ சிவப்பு பெயின்ட்டில் 'அரசாங்க நாய்' என்று எழுதியிருந்தார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் டெல்மர் வண்டியை மெதுவாக ஓட்டி, அதைப் படித்துவிட்டுத்தான் போனார்.

டெல்மர் முணுமுணுத்துக்கொண்டே புதுக் குழாய் போட்டார். மறுபரிசோதனையில் பால் சுத்தமாக இருந்தது. சீலை எடுத்துவிட்டார்கள். "மக்கள் ஜெயிச்சுட்டாங்க!" என்று ட்ராய் ரேடியோவில் காலையெல்லாம் கத்தினான்.

டெல்மருக்கு அது போதவில்லை. ஒரு ஜாடி நிறையப் பால் எடுத்துக்கொண்டு நேரே எமெட் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

திறந்தது எமெட்டின் மகள் தாரா. கல்யாணமாகித் தலைநகரில் இருப்பவள். கையில் பாதி அடைத்த துணிப்பை.

"அப்பா இல்லியா? ஜெயிச்ச பால் கொண்டாந்திருக்கேன்னு சொல்லும்மா. காசு வேண்டாம். உங்கப்பா இப்ப கவர்மென்ட் ஆளாச்சே, மரியாதை பண்ணணுமில்ல?"

தாரா ஜாடியையே பார்த்தாள். வாங்கக் கை நீட்டவில்லை.

"அப்பா ஆஸ்பத்திரியில இருக்கார், அங்கிள். மேசிகூட."

மேசி அவளுடைய மகள். ஐந்து வயசு. லீவுக்குத் தாத்தா வீட்டுக்கு வந்து, பொழுது முழுக்க டெல்மரின் கன்றுக்குட்டிகளோடு கிடந்தவள். திடீரென்று ஒருநாள் காணவில்லை. அம்மா ஞாபகம் வந்து போய்விட்டாள் என்று எமெட் சொல்லியிருந்தார்.

"பாப்பாவுக்கு என்ன?"

"ரெண்டு கிட்னியும் வேலை செய்யல. மெஷின் வச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டிருக்காங்க. காய்ச்சாத பால்ல இருந்த கிருமின்னு டாக்டர் சொன்னார்."

ஜாடி டெல்மரின் கையில் கனத்தது. கீழே வைக்க இடம் தேடினார்.

"எந்தப் பண்ணைப் பால்னு அதிகாரிங்க அப்பாவைக் கேட்டாங்க. டவுன் கடையில வாங்கினதுன்னு சாதிச்சுட்டார். 'டெல்மர்கிட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன், நமக்குள்ள கவர்மென்ட் எதுக்கு'ன்னு என் வாயையும் அடைச்சார்."

"அப்ப... யாரும்மா சொன்னது?"

"நான்தான். பெத்தவளாச்சே, பொறுக்க முடியல." தாரா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "பாப்பா கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அன்னிலேர்ந்து அப்பா என் முகத்தையே பாக்கறதில்ல, அங்கிள். டெல்மரைக் காட்டிக் குடுத்தவ எனக்குப் பொண்ணே இல்லைங்கறார்."