கட்டிப் போட்ட படகு

“அத்தான் பொய் சொல்றார்! மீன் காட்டுற திரையில இடமே இல்லாம மீன். வயர்லெஸ்ல இவர் என்ன சொன்னார்? ‘இங்க ஒண்ணுமில்ல!’”

படகுக்காரரின் மச்சான், அவர் மனைவியின் தம்பி, போட்ட சத்தத்தில் மீனவர் சங்கக் கட்டடமே அதிர்ந்தது. அத்தானின் படகில் கூடப் போகிற ஒரே ஆள் அவன்தான்.

மீனைக் கண்டவர் உடனே வயர்லெஸ்ஸில் மற்றப் படகுகளுக்குச் சொல்லியாக வேண்டும். அது அந்தத் துறைமுகத்தின் சட்டம். கடல் சூடாகி, கரையோர மீனெல்லாம் காணாமல் போன இந்த வருஷத்தில் அதை மீறுவது, அடுத்தவர் சோற்றில் மண்ணைப் போடுகிற மாதிரி.

“எந்த இடம்னு நீயே சொல்லேம்ப்பா” என்றார் ஒருவர்.

“தூங்கிட்டேன். முழிச்சப்ப திரையைத்தான் பாத்தேன். சுத்திலும் தண்ணி.”

“கடல்ல வேற என்னடா இருக்கும்?”

சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் படகுக்காரரைப் பார்த்தார்கள்.

“இடத்தைச் சொல்ல மாட்டேன்” என்றார் அவர்.

“தனியா அள்ளிக்கலாம்னு பேராசை!”

“அப்படியே வெச்சுக்கங்க.”

சங்கத் தலைவர் எழுந்தார். படகுக்காரரின் மாமனார்.

“மருமகன்னு பாக்க மாட்டேன். நான் சொல்ற வரைக்கும் உங்க படகு கடல்ல இறங்கக் கூடாது, மாப்பிள்ளை.”

கூட்டமே பதறியது.

“அவ்வளவு வேணாம் தலைவரே. விட்டுடுங்க. நாளைக்கு நாங்க அவர் பின்னாடியே போய் இடத்தைப் பாத்துக்கறோம்.”

“முடியாது. சட்டம்னா சட்டம்.”

“உங்க பொண்ணு வீட்டுல அடுப்பு எரிய வேணாமா?”

“நான் சொன்னது சொன்னதுதான்.”

“கல்லு மனசுய்யா” என்று முணுமுணுத்தபடி கலைந்தார்கள். மச்சானுக்கே முகம் தொங்கிப் போயிற்று.

படகைக் கட்ட மாமனாரே வந்தார். கயிற்றைச் சுற்றி இறுக்கினார்.

“உங்க மேல கோபம் இல்ல மாமா” என்றார் படகுக்காரர். “இடத்தை மட்டும் கேக்காதீங்க. அத்தனையும் சினை மீன். கரையோரத் தண்ணி கொதிக்குதுன்னு முட்டை போட அங்க போய் ஒதுங்கியிருக்கு. நான் வலையே இறக்கலை. சொல்லியிருந்தா ஒரே நாள்ல வாரி வழிச்சிருப்பாங்க. அப்புறம் யாருக்குமே மீன் இருக்காது.”

மாமனார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தெக்கால இருக்கற ஆழமான பள்ளந்தானே? போன வாரமே பாத்துட்டேன். நானும்தான் வாயைத் திறக்கலை. நாளைக்கு உங்களைப் போக விட்டிருந்தா, அத்தனை படகும் பின்னாடியே வந்து நின்னிருக்கும், மாப்பிள்ளை.”